ஆவாரம்பூ பொடி முகத்துக்கு நல்லதா? டீ போட்டுக் குடித்தால் சுகர் குறையுமா? தர்மபுரி மேட்டுநிலச் செடியைப் பற்றி தெரிந்துகொள்ள வேண்டியவை

தர்மபுரி மாவட்டத்தில் பாலக்கோடு, பென்னாகரம், அரூர் என எந்தப் பக்கம் பஸ்ஸில் போனாலும் ஜன்னலுக்கு வெளியே மஞ்சளாக ஒரு குத்துச்செடி கூடவே வரும். தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டாம், உரம் வேண்டாம். கல்லும் செம்மண்ணுமாகக் கிடக்கும் மேட்டு நிலத்திலும், ஏரிக்கரையிலும், ரயில் பாதை ஓரத்திலும் அது பாட்டுக்கு வளரும். அதுதான் ஆவாரை. பொங்கலுக்கு வீட்டு வாசலில் காப்புக் கட்டும்போது மட்டும் நினைவுக்கு வந்துகொண்டிருந்த இந்தச் செடி, இப்போது பொடியாகவும் டீத்தூளாகவும் சோப்பாகவும் ஆன்லைனில் விற்கிறது. "சுகருக்கு நல்லது", "முகம் பளபளக்கும்" என்று வாட்ஸ்அப்பிலும் சுற்றுகிறது.

இதில் எவ்வளவு உண்மை? யாரெல்லாம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்?

ஆவாரை என்பது எந்தச் செடி?

தாவரவியலில் இதன் பெயர் சென்னா ஆரிகுலேட்டா. பழைய புத்தகங்களில் காசியா ஆரிகுலேட்டா என்று இருக்கும், இரண்டும் ஒன்றுதான். 'ஆரிகுலேட்டா' என்றால் காது உள்ளது என்று பொருள். இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தில் காது மடல் போல அகலமாக ஒரு சிறு இலையடிச் செதில் இருக்கும். ஆவாரையை அடையாளம் காண இதைவிட நல்ல வழி கிடையாது. பூவை மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவோம். ஐந்து இதழ் மஞ்சள் பூ பூக்கும் செடிகள் இந்தக் குடும்பத்திலேயே நிறைய. காய் தட்டையாக, பழுப்பு நிறத்தில், காகிதம் போல இருக்கும்.

தமிழில் ஆவாரை, ஆவிரை, ஆவாரம். தெலுங்கில் தங்கேடு. கன்னடத்தில் ஆவரிகே, தங்கடி. மூன்று மொழியும் புழங்கும் தர்மபுரியில் இந்தப் பெயர்கள் எல்லாமே காதில் விழும். தெலங்கானா தனி மாநிலமானதும் மாநில மலராக அறிவித்தது இந்தத் தங்கேடு பூவைத்தான். அங்கே பதுகம்மா பண்டிகையில் இந்தப் பூ இல்லாமல் முடியாது.

இங்கே அந்த இடம் பொங்கலுக்கு. தர்மபுரி, கிருஷ்ணகிரி, சேலம், நாமக்கல் என கொங்கு வட்டாரம் முழுக்க போகியன்று ஆவாரம்பூ, பூளைப்பூ, வேப்பிலை மூன்றையும் சேர்த்துக் கட்டி வாசல், தோட்டம், மாட்டுக் கொட்டகை, வண்டி எல்லாவற்றிலும் செருகுவார்கள். அந்த ஓரிரு நாள் மட்டும் சந்தைகளில் கட்டுக் கட்டாக விற்பனைக்கு வரும். மீதி நாளெல்லாம் சும்மா கிடக்கும் செடி!

சங்க இலக்கியத்திலும் ஆவிரை உண்டு. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கும் 99 பூக்களில் இதுவும் ஒன்று. கலித்தொகையில் காதலில் தோற்று மடல் ஏறும் தலைவன் எருக்கு, பூளையோடு ஆவிரையையும் சூடிக்கொண்டு தெருவுக்கு வருகிறான். அன்று ஊர் சிரிக்க அவன் சூடிய ஆவிரையும் பூளையும்தான் இன்று வாசலில் மங்கலமாகத் தொங்குகின்றன.

தோலுக்கும் ஆவாரைக்கும் என்ன சம்பந்தம்?

முதல் சம்பந்தம் மனிதத் தோலோடு அல்ல, மாட்டுத் தோலோடும் ஆட்டுத் தோலோடும்தான். ஆங்கிலத்தில் இதன் பெயரே 'தோல் பதனிடுபவரின் காசியா' என்றுதான் வரும். ஆவாரம் பட்டையில் டானின் எனப்படும் துவர்ப்புப் பொருள் அதிகம். பச்சைத் தோல் அழுகாமல் பதப்பட இந்தத் துவர்ப்புதான் காரணம். அன்றைய மெட்ராஸ் மாகாணத்திலிருந்து வெளிநாடு போன பதனிட்ட தோல்களில் பெரும்பகுதி ஆவாரம் பட்டையில் ஊறியவை. அப்புறம் தென்னாப்பிரிக்காவிலிருந்து வாட்டில் மரப்பட்டை வந்தது, குரோமிய உப்பு வந்தது. ஆவாரம் பட்டைக்கு வேலை குறைந்தது.

இதை ஏன் சொல்ல வேண்டும் என்றால், முகத்தில் ஆவாரம்பூ பொடி பூசும்போது உணரும் 'இறுக்கம்' இதே துவர்ப்பின் வேலைதான். டானின், தோலின் மேற்பரப்பில் உள்ள புரதத்தோடு ஒட்டி அதைக் கொஞ்சம் சுருங்க வைக்கிறது. எண்ணெய்ப் பசை குறைந்தது போலத் தெரியும். பட்டையில் இருக்கும் அளவு பூவில் இல்லாததால் விளைவும் மென்மையாக இருக்கும். பூவில் ஃபிளேவனாய்டு, மஞ்சள் நிறம் தரும் கரோட்டினாய்டு போன்றவையும் உண்டு. ஆய்வகச் சோதனைகளில் இவற்றுக்கு ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் தன்மை தெரிந்திருக்கிறது. ஆனால் சோதனைக் குழாயில் நடப்பது அப்படியே கன்னத்தில் நடக்கும் என்று சொல்லிவிட முடியாது.

அப்ப, முகம் வெள்ளை ஆகுமா? ஆகாது. தோலின் நிறத்தைத் தீர்மானிப்பது மெலனின் என்ற நிறமி. அதை ஆவாரம்பூ பொடி மாற்றும் என்பதற்கு நம்பும்படியான மனித ஆய்வு கிடையாது. குளித்து முடித்ததும் முகம் 'தெளிவா' தெரிவது அழுக்கும் எண்ணெயும் போனதால்தான். பயத்தமாவு தேய்த்துக் குளித்தாலும் அதே தெளிவு வரும்.

வீட்டில் குளியல் பொடி அரைப்பது எப்படி?

கிராமங்களில் ஆவாரம்பூவைத் தனியாக யாரும் பூசுவதில்லை. பயத்தம்பயறு, கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, ரோஜா இதழ், வெட்டிவேர் என்று சேர்த்துத்தான் அரைப்பார்கள். அதில் ஒரு நியாயம் உண்டு. பயறு மாவு அழுக்கை எடுக்கும், ஆவாரை துவர்ப்பைத் தரும், மற்றவை பெரும்பாலும் வாசத்துக்கு.

பூவை நிழலில்தான் காயப்போட வேண்டும். வெயிலில் போட்டால் நிறம் வெளுத்துப்போகும். நல்லா காயாத பூவை டப்பாவில் அடைத்தால் பூஞ்சை பிடிக்கும். பூஞ்சை பிடித்த பொடியை 'மூலிகைதானே' என்று முகத்தில் தேய்ப்பது வம்பை விலைக்கு வாங்குவது. அரைத்த பிறகு மெல்லிய துணியில் சலித்துவிட வேண்டும். சலிக்காத பொடியில் இருக்கும் நரநரப்பு, முகப்பரு உள்ளவர்களுக்குப் புண்ணைக் கீறிவிடும்.

முதல் தடவை என்றால் நேராக முகத்துக்குப் போக வேண்டாம். முழங்கையின் உள்பக்கம் கொஞ்சம் தடவி, கழுவி, ஒருநாள் பொறுத்துப் பார்க்கலாம். சிவப்பு, அரிப்பு, தடிப்பு வந்தால் அது உங்களுக்கான பொடி இல்லை. ஏற்கெனவே வறண்ட சருமம் உள்ளவர்களுக்கு துவர்ப்புப் பொருள் இன்னும் வறட்சியைத்தான் கொடுக்கும். கரப்பான், சொரியாசிஸ், சீழ் வைத்த பரு என்று இருந்தால் பொடியை ஒதுக்கிவிட்டு தோல் மருத்துவரைப் பார்ப்பதே சரி.

வீட்டில் அரைத்த பொடியைவிட, லேபிள் சரியில்லாத 'மூலிகை சிவப்பழகு கிரீம்' விஷயத்தில்தான் அதிக பயம் வேண்டும். 2023-ல் கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில், இப்படிப்பட்ட கிரீம்களைப் பூசியவர்கள் சிலருக்குச் சிறுநீரக நோய் வந்தது தெரியவந்தது. காரணமாகச் சந்தேகிக்கப்பட்டது பாதரசம். பாட்டில் மேல் என்ன பூவின் படம் இருக்கிறது என்பது உள்ளே என்ன இருக்கிறது என்பதற்குச் சாட்சி ஆகாது.

பர்டாக் என்கிறார்களே, அதுவும் இதுவும் ஒன்றா?

இல்லை. கொரியா, ஜப்பான் அழகுப் பொருட்களின் லேபிளிலும், முடி எண்ணெய் விளம்பரங்களிலும் 'பர்டாக் வேர்' என்று வருவது ஆர்க்டியம் லாப்பா என்ற வேறு செடி. சூரியகாந்திக் குடும்பம். ஜப்பானில் இதன் வேரை 'கோபோ' என்ற பெயரில் காய்கறியாகவே சமைக்கிறார்கள். இந்தியாவில் காஷ்மீர், இமாச்சலம் போன்ற இமயமலைப் பகுதிகளில் வளர்கிறது, தமிழ்நாட்டுக் காட்டில் கிடையாது. இதன் முள்காய் நாயின் ரோமத்தில் ஒட்டிக்கொண்டதைப் பார்த்துத்தான் சுவிட்சர்லாந்து பொறியாளர் ஜார்ஜ் டி மெஸ்ட்ரல் 'வெல்க்ரோ' ஒட்டுப்பட்டையைக் கண்டுபிடித்தார்.

நம்ம ஊர் தரிசிலும் துணியில் ஒட்டிக்கொள்ளும் முள்காய் ஒன்று உண்டு, மருளூமத்தை. படத்தைப் பார்த்து அதுதான் பர்டாக் என்று பறித்துவிடக் கூடாது. மருளூமத்தையின் விதையும் இளநாற்றும் கல்லீரலைத் தாக்கும் நஞ்சு.

பர்டாக் கதையில் நமக்கு ஒரு பாடமும் இருக்கிறது. 1978-ல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் ஒரு நிகழ்வு பதிவானது. கடையில் வாங்கிய பர்டாக் வேர் டீயைக் குடித்தவருக்கு ஊமத்தை வகை நஞ்சின் அறிகுறிகள் வந்தன. பர்டாக்கில் இயல்பாக அந்த நஞ்சு கிடையாது. வேறு செடியின் வேர் அதில் கலந்திருந்தது என்பதுதான் முடிவு. சிக்கல் மூலிகையில் இல்லை, பறித்த கையில்.

ஆவாரையிலும் பெயர்க் குழப்பம் உண்டா?

உண்டு, கொஞ்சம் ஆபத்தான குழப்பம்.

நாட்டு மருந்துக் கடையில் 'ஆவாரை' என்று கேட்டால் சில நேரம் 'நிலாவாரையா?' என்று திருப்பிக் கேட்பார்கள். நிலாவாரை வேறு செடி. திருநெல்வேலி சென்னா என்று ஏற்றுமதியாவது அதுதான். பேதி மருந்து. அதை ஆவாரம் டீ என்று நினைத்து தினமும் குடித்தால் வயிற்றுப்போக்கு, உடலில் பொட்டாசியம் குறைவது என்று போகும்.

மூன்றாவது ஒன்று, பேயாவிரை. பொன்னாவரை என்றும் சொல்வார்கள். இதுவும் மஞ்சள் பூ, இதுவும் ரோட்டோரம், இலையைக் கசக்கினால் கெட்ட வாடை அடிக்கும். மேற்கு உத்தரப் பிரதேசத்தில், பிஜ்னோர் போன்ற மாவட்டங்களில் ஆண்டுதோறும் குளிர்காலத்தை ஒட்டி சின்னக் குழந்தைகள் திடீரென நினைவிழந்து இறந்துகொண்டிருந்தார்கள். மூளைக் காய்ச்சல் என்றே பல வருடம் நினைத்திருந்தார்கள். காரணம் வைரஸ் அல்ல, விளையாடும்போது பறித்துத் தின்ற பேயாவிரைக் காய்தான் என்று 2007-ல் வெளியான ஆய்வுகள் காட்டின. கல்லீரல், தசை, மூளை மூன்றையும் அது தாக்குகிறது.

ஆகவே காட்டில் பறிப்பவர்கள் அந்தக் 'காது' இருக்கிறதா என்று பார்த்துப் பறிக்க வேண்டும். ஆவாரையில் இலையடியில் காது உண்டு, காய் தட்டை. பேயாவிரையில் அந்தப் பெரிய காது கிடையாது. இலைகளின் நுனி கூர்மையாக இருக்கும்.

ஆவாரம்பூ டீ குடித்தால் சுகர் குறையுமா?

அதிகம் பேர் தேடுவது இதைத்தான். ஆவாரை பூத்த ஊரில் சாவு ஏது என்ற பொருளில் பழமொழியே இருக்கும்போது நம்பிக்கை வராமல் இருக்குமா?

சித்த மருத்துவத்தில் 'ஆவாரைக் குடிநீர்' நீரிழிவுக்குத் தரப்படும் மருந்து. ஆவாரையோடு கொன்றை, நாவல், கடலழிஞ்சில், கோரைக்கிழங்கு, கோஷ்டம், மருதம்பட்டை சேர்த்து இடித்துக் காய்ச்சுவது. அதாவது ஏழு சரக்கு சேர்ந்த மருந்து, வெறும் பூ டீ அல்ல.

பூவைத் தனியாகவும் ஆராய்ந்திருக்கிறார்கள். அண்ணாமலைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2002-ல் வெளியிட்ட ஆய்வில், செயற்கையாக நீரிழிவு வரவழைத்த எலிகளுக்கு ஆவாரம்பூச் சாறு கொடுத்தபோது ரத்தச் சர்க்கரையும் கொழுப்பும் குறைந்தன. அதன்பிறகும் இதே திசையில் பல எலி ஆய்வுகள் வந்துள்ளன. ஆக, 'ஒன்னுமே இல்ல, எல்லாம் கட்டுக்கதை' என்று தள்ளிவிட முடியாது. ஆனால் எத்தனை கிராம், எத்தனை மாதம், யாருக்கு என்று முடிவு சொல்லும் அளவுக்குப் பெரிய மனித ஆய்வுகள் இல்லை. மாத்திரைக்குப் பதிலாக இதைக் குடிக்கலாம் என்று சொல்ல எந்த ஆதாரமும் இல்லை.

விபரீதம் இரண்டு வழியில் வரும். ஒன்று, டீயை நம்பி மாத்திரையையோ இன்சுலினையோ நிறுத்திவிடுவது. சர்க்கரை ஏறுவது பல நேரம் உடம்புக்குத் தெரியாது. கால் புண்ணோ, கண் மங்கலோ வந்த பிறகுதான் தெரியும். இரண்டாவது நேர் எதிர். மாத்திரையும் போட்டு, டீயையும் கெட்டியாகக் குடித்து, சாப்பாட்டையும் தள்ளிப்போடும்போது சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கிவிடலாம். வேர்வை, படபடப்பு, கை நடுக்கம் அதன் அறிகுறி. எனவே டீ குடிப்பவர்கள் அதை மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். மறைக்க அதில் ஒன்றும் இல்லை.

இன்னொன்று. 'சுகருக்கு நல்லது' என்று ஆவாரம்பூ டீ போட்டு அதில் கருப்பட்டியும் தேனும் கலந்து குடிப்பவர்கள் இருக்கிறார்கள். கருப்பட்டியும் சர்க்கரைதான்.

தர்மபுரிக்காரர்கள் தண்ணீரையும் கவனிக்க வேண்டும்

மூலிகை விளம்பரங்கள் எதிலும் இது வராது. தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். பல்லில் பழுப்புக் கறை, வயதானால் எலும்பு, மூட்டு இறுக்கம் என்று தலைமுறைகளாக அனுபவித்தவர்கள் இங்கே உண்டு. குடிநீரில் ஒரு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃபுளோரைடு இருக்கக் கூடாது. இதற்காகவே ஜப்பான் நிதியுதவியுடன் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் மற்றும் ஃபுளோரோசிஸ் தணிப்புத் திட்டம் கொண்டுவரப்பட்டு 2013-ல் தொடங்கி வைக்கப்பட்டது.

குடிநீர், கஷாயம் எல்லாம் 'நாலு டம்ளரை ஒரு டம்ளராகச் சுண்டக் காய்ச்சு' என்ற கணக்கில் செய்வது. தண்ணீரைக் கொதிக்க வைத்தால் கிருமி சாகும், ஃபுளோரைடு போகாது. தண்ணீர் ஆவியாகப் போகப் போக மிச்சத்தில் அதன் செறிவு ஏறிக்கொண்டே போகும். நாலு டம்ளர் போர் தண்ணீரில் இருந்த ஃபுளோரைடில் பெரும்பகுதி அந்த ஒரு டம்ளருக்குள் வந்துவிடும். அதனால் ஃபுளோரைடு உள்ள ஊர்களில் கஷாயம், டீ எதுவானாலும் போர் தண்ணீரைத் தவிர்த்து ஒகேனக்கல் காவிரித் தண்ணீரிலோ, மழைநீரிலோ போடுவது நல்லது.

பறிக்கும் இடமும் முக்கியம். சேலம் - பெங்களூரு நான்குவழிச் சாலை ஓரத்தில் பூத்திருப்பது கண்ணுக்கு அழகு, வயிற்றுக்கு வேண்டாம். லாரிப் புகையும் தூசும் இதழில் படிந்திருக்கும். மாந்தோப்பு, பருத்திக் காட்டு வரப்பில் பறித்தால் அங்கே எப்போது மருந்தடித்தார்கள் என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

யார் குடிக்கவே கூடாது?

கர்ப்பிணிகளும், பால் கொடுக்கும் தாய்மார்களும், கல்லீரல் பாதிப்பு உள்ளவர்களும் தவிர்க்க வேண்டும். இலங்கையில் 'ரணவரா' என்ற பெயரில் ஆவாரம்பூ டீ வீட்டுக்கு வீடு குடிக்கும் பானம். அங்கேதான் 1981-ல் ஓர் ஆய்வு, நாட்டு மூலிகைகளில் கல்லீரலைப் பாதிக்கும் பைரோலிசிடின் ஆல்கலாய்டு எவற்றில் இருக்கிறது என்று தேடியது. கிடைத்த சில செடிகளில் ஆவாரையும் ஒன்று. எப்போதாவது ஒரு டம்ளர் குடிப்பவர் பதற வேண்டியதில்லை. மாதக்கணக்கில் தினமும் குடிக்க நினைப்பவர் யோசிக்க வேண்டும்.

வலிப்புக்கு கார்பமசெபின் மாத்திரை சாப்பிடுபவர்களுக்குத் தனி எச்சரிக்கை. 2004-ல் வெளியான இன்னொரு இலங்கை ஆய்வில், ஆவாரம்பூ டீ கொடுத்த எலிகளின் ரத்தத்தில் இந்த மருந்தின் அளவு 47 சதவீதம் கூடியது. மருந்து கூடினால் நல்லதுதானே என்று தோன்றலாம். வலிப்பு மருந்தில் அளவு தாண்டினால் தலைச்சுற்றல், தடுமாற்றத்தில் தொடங்கி பெரிய சிக்கலில் கொண்டுபோய்விடும்.

பாக்கெட்டில் வாங்கினால் எதைப் பார்க்க வேண்டும்?

டீ அல்லது உணவுப் பொருளாக விற்றால் உணவுப் பாதுகாப்புத் துறையின் 14 இலக்க உரிமம் அல்லது பதிவு எண் இருக்க வேண்டும். சித்த மருந்தாக விற்றால் மருந்து தயாரிப்பு உரிம எண். அழகுப் பொருளாக விற்றால் அதற்கான உரிம எண். மூன்றுமே இல்லாமல், தயாரிப்பு தேதியும் முகவரியும் இல்லாமல், செல்போன் நம்பர் மட்டும் உள்ள பாக்கெட்டை வாங்காமல் விடுவது நல்லது.

'நீரிழிவை முற்றிலும் குணப்படுத்தும்' என்று பாக்கெட்டிலோ வீடியோவிலோ இருந்தால் அது வெறும் மிகைப்படுத்தல் மட்டுமல்ல, சட்ட மீறலும்கூட. 1954-ம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டம், குணமாக்குவதாக விளம்பரம் செய்யக் கூடாத நோய்களின் பட்டியலில் நீரிழிவையும் வைத்திருக்கிறது.

ஆவாரையை முறையாக மருந்தாக எடுக்க நினைப்பவர்கள் அரசு மருத்துவமனைகளிலும் பல ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் உள்ள சித்த மருத்துவப் பிரிவுக்குப் போகலாம். சாப்பிட்டுக்கொண்டிருக்கும் ஆங்கில மருந்துச் சீட்டையும், கடைசியாக எடுத்த ரத்தப் பரிசோதனை முடிவையும் கையோடு கொண்டுபோக வேண்டும்.